அம்மனுக்கு விற்ற பிள்ளை

என் தம்பி மயில்வாகனம் பொய் சொல்லுகிற ஆள் இல்லை. மாத்தறையில் கடை வைத்திருந்த காலத்திலும் தராசில் விரல் வைத்தவன் இல்லை. எண்பத்துமூன்றுக் கலவரத்தில் அந்தக் கடையை எரித்தார்கள். உடுத்த சாரத்தோடு எங்கள் ஊர் புளியங்கூடலுக்கு வந்து சேர்ந்தான். அடுத்த தை மாதம் அம்பிகை பிறந்தாள்.

அவளுக்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லை. ஆனபடியால் முப்பத்தோராம் நாள் பிள்ளையை நயினாதீவுக் கோயிலுக்குக் கொண்டுபோய் அம்மனுக்கு விற்றோம். விற்ற பிள்ளை அம்மனுடையது, யமன் தொடமாட்டான் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. மற்றவர்கள் அன்றைக்கே திருப்பி வாங்கிவிடுவார்கள். தம்பி பயந்தவன். "அஞ்சு வயசு மட்டும் அம்மனிட்டையே இருக்கட்டும் ஐயா, பிறகு நானே வந்து வாங்கிறன்" என்றான்.

ஐயர் சிரித்தார். "அதுவரைக்கும் பால்மாவும் அம்மனோ வாங்கிறது?"

எண்பத்தைந்தில் தம்பி ஜேர்மனிக்குப் போனான். அங்கே முதல் அகதி விசாரணையில் பெண்சாதி பிள்ளை உண்டோ என்று கேட்டிருக்கிறார்கள். தனி ஆள் என்றால்தான் இருக்க விடுவார்கள் என்று கூடப் போனவர்கள் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டான். எனக்குக் கடிதம் போட்டான்: "அக்கா, பிள்ளை விசயத்திலை நான் பொய் சொல்லேல்லை. அவள் அம்மன்ரை பிள்ளைதானே."

வாசித்து நானும் மனம் ஆறினேன். அது எங்கள் இரண்டு பேரின் பிழை.

எண்பத்தெட்டில் அவன் பெண்சாதி மீனாம்பிகை காய்ச்சலில் போய்விட்டாள். பிள்ளை என்னிடம் வந்தாள். அவளுக்கு ஐந்து வயது முடிந்தபோது நயினாதீவுக்கு லோஞ்சுப் படகு ஓடிக்கொண்டிருந்தது. நானே போய் வாங்கியிருக்கலாம். ஆனால் வாங்கினவருடைய பிள்ளையாகிவிடுவாளே. தகப்பன் கையால் வாங்கட்டும் என்று விட்டுவைத்தேன். தொண்ணூறில் ஆமி எங்கள் தீவுக்குள் இறங்க, நாங்கள் யாழ்ப்பாணப் பக்கம் ஓடிவந்தோம். பிறகு நயினாதீவுக்குப் போக வழியில்லை.

தொண்ணூற்றுமூன்றில் ஒருவர் கையில் தம்பி பேசின கசெற் வந்தது. கரண்டும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து அம்பிகை பெடலைச் சுற்றினாள். டைனமோவில் கசெற் றேடியோ பேசத் தொடங்கியது.

"அக்கா, பிள்ளையை இங்கை கூப்பிட விசாக் கந்தோருக்குப் போனனான். உமக்குத்தான் பிள்ளை இல்லையே எண்டு பழைய கடதாசியை எடுத்துக் காட்டினாங்கள். அவளை அம்மனுக்கு வித்தனான் எண்டன். மொழிபெயர்க்கிற ஆள் என்னைப் பாத்த பார்வை. 'அண்ணை, நான் இதை அவங்கடை பாசையிலை மாத்திச் சொன்னால் உங்களைப் பிடிச்சு மறியலிலை போடுவாங்கள்' எண்டார்."

அம்பிகை சிரித்துவிட்டாள். கை தளர, தம்பியின் குரல் இழுபட்டுக் கிழவனின் குரலாகிவிட்டது.

"சுத்து பிள்ளை" என்றேன்.

"அப்ப உள்ளதைச் சொல்லிப்போட்டன். அவள் என்ரை பிள்ளை, நான் பொய் சொன்னனான் எண்டு கையெழுத்தும் வைச்சிட்டன். எனக்குத் தந்த விசாவையே பறிக்கக்கூடுமாம். பறிச்சால் பறிக்கட்டும். நயினாதீவுக்குப் போக ஏலுமெண்டால், என்ரை பேரைச் சொல்லி அவளை வாங்கிவிடுங்கோ அக்கா."

போக ஏலாது. அடுத்த வெள்ளிக்கிழமை முழுகி, அம்மன் படத்துக்கு முன்னால் அம்பிகையை இருத்தினேன். விலையாக ஒரு பிடி நெல்லும் ஒரு குத்திக் காசும் வைத்து, "தாயே, மயில்வாகனம் வாங்குகிறான்" என்று நயினாதீவுப் பக்கம் பார்த்துக் கும்பிட்டேன்.

"மாமி, ஐயர் இல்லாமல் அம்மன் தருவாவோ?"

"தெரியேல்லை மோனை. கேட்டிருக்கிறன்."

இப்போது இரண்டு வருடம் ஆகிறது. அவளைக் கூப்பிடுகிறார்களோ, அவனைத் திருப்பி அனுப்புகிறார்களோ என்று ஒரு கடதாசியும் வரவில்லை. ஜேர்மனிப் பயணத்துக்கென்று அவளுக்குத் தைத்த சட்டையின் கீழ்மடிப்பை இரண்டு தரம் இறக்கிவிட்டேன். இனி இறக்க அதில் துணி இல்லை.