கிளட்ச் ஷூவும் அந்தோனி அண்ணனின் விரலும்

ரிமோட் கார் பழுதுபார்க்கும் கடையில் சேர்ந்த முதல் மாதமே நான் சரியாக மூக்குடைபட்டேன். அதற்கு முன் வத்தேகமப் பக்கம் ஒரு தையல் தொழிற்சாலையில் மெஷின் மெக்கானிக்காக இருந்தேன். பொம்பளை மெக்கானிக்கா என்று சிரித்தவர்களின் வாயை அங்கேயே அடைத்துவிட்டுத்தான் கண்டி டவுனுக்கு வந்தேன். தலைக்கனத்துக்குக் குறைவில்லை.

எஞ்சின் வைத்த ரிமோட் காரில், எஞ்சின் வேகம் பிடித்ததும் கிளட்ச் ஷூ வெளியே விரிந்து, சுற்றியிருக்கும் பெல் என்ற உலோகக் கிண்ணத்தைப் பிடிக்கும். அப்போதுதான் சக்கரம் சுற்றும். அலுமினிய ஷூ வெடுக்கென்று பிடிக்கும், நாள்பட உழைக்கும், ஆனால் பெல்லைத் தேய்க்கும். டெப்லோன் என்ற வழவழப்பான பிளாஸ்டிக்கில் செய்த ஷூ வழுக்கி வழுக்கி மெதுவாகப் பிடிக்கும், சீக்கிரம் தேய்ந்துவிடும். அலுமினியம்தான் சாமான், மற்றதெல்லாம் விளையாட்டு என்பது என் கட்சி. மலைநாட்டில் மேடு ஏறாத கார் எதற்கு?

அம்பிட்டியவிலிருந்து அந்தோனி அண்ணன் வந்தார். கலஹா ரூட்டில் பல வருஷம் பஸ் ஓட்டியவர். கட்டாரில் இருக்கும் மகன் அனுப்பிய கார் குதித்துக் குதித்து ஓடுகிறது என்றார். பழைய ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு, புது அலுமினிய ஷூவும் அதை உள்ளே இழுத்துப் பிடிக்கும் இறுக்கமான ஸ்பிரிங்கும் போட்டு, இனி பாருங்கள் என்று பெருமையாகக் கொடுத்தனுப்பினேன்.

அடுத்த வாரம் முன்பக்கம் உடைந்த காரோடு வந்து நின்றார். முன்னைவிட மோசமாகக் குதித்து மதிலில் மோதியிருக்கிறது. ரிமோட்டையும் மேசையில் வைத்தார்.

“யாருக்காவது குடுத்துடுங்க மிஸ். பஸ்ஸ விட்டாச்சு. இதையும் விட்டுட வேண்டியதுதான்.”

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் பொறுக்கச் சொல்லி உடைந்ததைச் சரிசெய்தேன். பிறகு அவரைக் கடைக்குப் பின்னாலிருந்த வெற்றுக் காணிக்குக் கூட்டிப்போய் ஓட்டச் சொன்னேன். இந்தத் தடவை காரைப் பார்க்கவில்லை, அவர் கையைப் பார்த்தேன். ரிமோட்டில் வேகம் கூட்டும் ட்ரிகரில் இருந்த விரல் நடுங்கியது. ஒவ்வொரு நடுக்கத்துக்கும் எஞ்சின் வேகம் ஏறி இறங்க, நான் போட்ட அலுமினியம் பிடித்துப் பிடித்து விட்டது. கார் அவரது விரல் சொன்னதைத்தான் செய்துகொண்டிருந்தது.

அவரிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. புதிதாக டெப்லோன் வந்திருக்கிறது, போட்டுப் பார்ப்போம் என்று பொய் சொன்னேன். மாதம் முடியுமுன் தேய்ந்துவிடும், பேச்சு வாங்கப்போகிறாய் என்று முதலாளி எச்சரித்தார். நான் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லி, இளக்கமான ஸ்பிரிங்கோடு மாட்டினேன்.

அன்று அந்தக் கார் ஓடியதை இன்றைக்கும் மறக்கவில்லை. விரலின் நடுக்கமெல்லாம் ஷூவின் வழுக்கலிலேயே கரைந்துவிட்டது. வளைவு வருமுன்னே வேகத்தைக் குறைத்தார், உள்பக்கம் அணைத்துத் திருப்பினார், மேட்டில் நிதானமாக ஏற்றினார். ஓரக் கல் ஒன்றில்கூடப் படவில்லை. கை ஆடினாலும் கண்ணும் கணக்கும் அப்படியே இருந்தன.

எண்ணெய் தீர்ந்து கார் நின்றதும் என் பக்கம் திரும்பினார்.

“என் கையப் பாத்துத்தானே மாத்துனீங்க?”

மறுபடி பொய் சொல்ல முடியவில்லை. ஆமாம் என்றேன். பஸ்ஸை விட்டதும் இதனால்தானா என்று கேட்டேன்.

“டிப்போல ஒருத்தருக்கும் தெரியாது மிஸ். கலஹா எறக்கத்துல ஒரு நா கை ஆடுச்சு. பின்னால அம்பது பேர் இருந்தாங்க. மறுநாளே நானா போய் சாவியக் குடுத்துட்டேன்.” காரைக் குனிந்து எடுத்துக்கொண்டார். “இதுல யாரும் ஏற மாட்டாங்க. இத ஓட்டலாம்.”

நல்ல டிரைவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். யாரும் சொல்லாமல் தானாகவே இறங்கியவர் இவர் ஒருவர்தான். அதனாலேயே அவர்மீது எனக்கு அவ்வளவு மரியாதை.

அதற்குப் பிறகு யார் கார் கொண்டுவந்தாலும், கழற்றுமுன் ரிமோட்டைக் கொண்டுவந்தவர் கையிலேயே கொடுத்து ஓட்டச் சொல்வேன். எந்த ஷூ நல்லது என்று கேட்டால், யார் ஓட்டுவது என்று திருப்பிக் கேட்பேன்.