நாற்பத்தோரு பேருக்கு ஒரே பெயர்

அத்தை வெளுக்கிற துணியில் கஞ்சி எப்போதும் ஒரு பிடி தூக்கல். அதனால் தெருவில் அவளுக்குக் கஞ்சியக்கா என்று பேர். பேச்சும் அதே விறைப்புதான். மடத்துச் சாமியார்களின் பூசை அங்கிகளை இருபத்தாறு வருடமாக அவள்தான் வெளுத்துத் தேய்த்துக் கொடுக்கிறாள். பதினேழு வெள்ளை அங்கிகள். மடித்து வைத்தால் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். உள்ளே போகும் தொப்பைகள் அப்படியல்லவே. ஆகையால் கழுத்துப்பட்டையின் உட்புறம் நூலால் அடையாளம் போடுவாள். மடத்துத் தலைவருக்கு நீலத்தில் இரண்டு தையல், செயலர் பாதருக்குச் சிவப்பில் மூன்று. ஒருவர் அங்கி இன்னொருவர் தோளுக்குப் போனதாக இதுவரை புகார் இல்லை.

மடத்துக்கு வயது முந்நூறு. முன்பு அதற்குத் தோட்டம் இருந்தது. தோட்டத்தில் அடிமைகள் இருந்தார்கள். கப்பலில் கட்டிக் கொண்டுவரப்பட்ட மனிதனுக்கு ஆன்மா உண்டா என்று படித்தவர்கள் நெடுநாள் விவாதித்து, உண்டு என்று பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார்களாம். ஆன்மாவைச் சொர்க்கத்துக்கு எழுதிவைத்தார்கள். உடம்பைத் தோட்டத்துக்கு வைத்துக்கொண்டார்கள். ஒரு பாப்பரசர், பிறரைப் பிடித்து அடிமையாக்கலாம் என்று எழுதினார்; பின்னால் வந்த ஒருவர் கூடாது என்று எழுதினார். இரண்டாவது கடிதத்தை இந்த மடத்தில் யாரும் படித்ததாகத் தெரியவில்லை. பாவம், அறுவடைக் காலமாக இருந்திருக்கும்.

இந்த வருடம் மடத்துக்கு மனசாட்சி விழித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை மன்னிப்புத் திருப்பலி. ஆயர் வருகிறார், புகைப்படக்காரர் வருகிறார். கூடவே, அந்த அடிமைகளின் வம்சத்தில் வந்த ஒரு பிள்ளைக்கு மடத்தின் நர்சிங் கல்லூரியில் இலவச இடம்; பூசை முடிவில் பெயரை அறிவிப்பார்கள். அத்தையின் மகள் நல்ல மதிப்பெண் வாங்கியும் பணம் கட்ட வழியில்லாமல் இரண்டு வருடமாக மருந்துக்கடையில் நிற்கிறாள். இந்த முறையும் விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். விண்ணப்பித்தவளும் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் நிபந்தனையைப் படித்ததுமே கழன்றுகொண்டார்கள். மூதாதையின் ஞானஸ்நானப் பதிவைக் காட்ட வேண்டுமாம்.

அத்தை வெள்ளிக்கிழமை அலுவலகத்துக்குப் போனாள். செயலர் பாதர் பழைய பதிவேட்டை இரண்டு கையாலும் தூக்கி வந்து மேசைமேல் வைத்தார். அத்தை தன் மூதாதையின் பெயரைச் சொன்னாள். அவள் பிறந்த வீட்டில் தலைமுறை தலைமுறையாக ஆண்களுக்கெல்லாம் இரண்டாம் பெயர் அதுதான்.

பாதர் ஒரு பக்கத்தில் விரலை வைத்து ஓட்டினார். விரல் போய்க்கொண்டே இருந்தது. ஒரே காலையில் நாற்பத்தோரு ஆண்கள். அன்றைக்கு எந்தப் புனிதரின் நாளோ அவர் பெயரையே நாற்பத்தோரு பேருக்கும் வைத்திருந்தார்கள். தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு.

"இதுல உங்க ஆள் யாரும்மா?"

"எனக்கென்ன தெரியும் பாதர்? பேர் வெச்சது நீங்க."

"நான் வெக்கலம்மா."

"உங்க ஆளுங்கதான?"

"படிவத்துல கட்டம் இருக்கு பாருங்க, 'பதிவில் எத்தனையாவது நபர்'னு. அது காலியா இருந்தா தலைவர் கையெழுத்துப் போட மாட்டார். இன்னாரோட வம்சம்னு சொல்ல ரெண்டு சாட்சியக் கூட்டிட்டு வாங்க."

"இருநூறு வருஷத்துக்கு முந்தின சாட்சியா? கல்லறையில போய்க் கதவத் தட்டவா?"

"சட்டம்னு ஒண்ணு இருக்குல்லம்மா. எல்லாருக்கும் நியாயமா நடக்கணும்."

நியாயம் என்ற சொல் அவர் வாயிலிருந்து மடிப்புக் கலையாமல் வந்தது. அவ்வளவாக உடுத்தாத துணிதான் அப்படி இருக்கும்.

சரக்கு வண்டி ஓட்டுகிற மாமா விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஆடு மாடு வளக்கறவன்கூடக் காதுல ஆளுக்கொரு நம்பர் போடுவான். உன் சாமிங்களுக்கு அதுக்கும் சோம்பல்!"

மகள் சிரிக்கவில்லை. "விடும்மா. கடையில சம்பளம் ஏத்தித் தர்றேன்னிருக்காங்க" என்றாள். பொய் என்று மூவருக்கும் தெரியும்.

சனிக்கிழமை அத்தை அங்கிகளை வெயிலில் உலர்த்திக் கஞ்சி போட்டுத் தேய்த்தாள். பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து, சின்னக் கத்தரிக்கோலால் பதினேழு கழுத்துப்பட்டைகளிலும் நூலைப் பிரித்தாள். மடியில் நீலமும் சிவப்பும் பச்சையுமாக ஒரு சிறு குவியல். ஊதினாள், போயிற்று. இருட்டிய பிறகு ஓர் அங்கியை மட்டும் மறுபடி தண்ணீரில் முக்கிக் கொடியில் போட்டாள்.

ஞாயிறு காலை, பூசைக்குப் பத்து நிமிடம். கோயிலை ஒட்டிய உடை மாற்றும் அறையில், ஒல்லியான தலைவர் ஒரு கூடாரத்துக்குள் காணாமல் போயிருந்தார். செயலர் பாதரின் அங்கி தோளிலேயே மாட்டிக்கொண்டது. இளம் சாமியார் ஒருவருக்கு முழங்கால் தெரிந்தது. ஆளாளுக்குக் கழற்றுவதும் மாட்டுவதுமாக, கஞ்சித் துணி நொறுங்கும் சத்தம்.

"என்னம்மா இது? எது யாருதுன்னே தெரியலையே!" என்று செயலர் பாதர் கத்தினார்.

அத்தை வாசலில் கைகட்டி நின்றாள். "ஒரே காலையில வெளுத்தது பாதர். எல்லாத்துக்கும் ஒரே பேரு, அங்கி."

"அடையாளம் எங்க?"

"உங்களுது எதுன்னு ரெண்டு சாட்சியக் கூட்டிட்டு வாங்க, எடுத்துத் தர்றேன்."

கூடாரத்தின் கழுத்து வழியாகத் தலைவர் தலை வெளியே வந்தது. "என்ன சாட்சி?"

செயலர் பாதர் விஷயத்தை முணுமுணுத்து முடிக்கும்போது வெளியே ஆயரின் கார்க் கதவு சாத்தும் சத்தம். தலைவர் மனம் உருகினார் என்று எழுத எனக்கும் ஆசைதான். மணி அடித்துவிட்டது, அவ்வளவுதான். "படிவத்த எடுங்க. பேனா குடுங்க" என்றார். எத்தனையாவது நபர் என்ற கட்டத்தில் 'எல்லோரும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். முத்திரையும் விழுந்தது.

அத்தை அதை இரண்டு தடவை படித்து, மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு அங்கிகளை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். நூல் எதற்கு அவளுக்கு? யாருக்கு எந்த முழங்கை தேயும், யார் மார்பில் மெழுகு சொட்டும் என்று இருபத்தாறு வருடமாகத் தெரியும். நான்கு நிமிடத்தில் பதினாறு பேர் தயார்.

"என்னுது?" என்றார் செயலர் பாதர்.

"உங்களுது கொடியில கெடக்கு பாதர். இன்னும் காயல."

மன்னிப்பு வாசகத்தில் 'அக்கால வழக்கப்படி நேர்ந்த சில வருந்தத்தக்க நிகழ்வுகள்' என்று இருந்தது. பதினாறு பேர் முழு அங்கியில் தலை குனிந்தார்கள். செயலர் பாதர் கறுப்புச் சட்டையோடு தூணுக்குப் பின்னால் நின்றார். கடைசியில் அத்தை மகளின் பெயரை வாசித்தார்கள். அவளுடைய முழுப் பெயரை, தகப்பன் பெயரோடு.

வெளியே வந்ததும் மாமா வண்டிக் கதவைத் திறந்துகொண்டே கேட்டார். "என்ன, மன்னிச்சாச்சா?"

"சீட்டு கெடச்சிருக்கு" என்றாள் அத்தை. "மன்னிப்பு வேணும்னா, யாருக்கு என்ன செஞ்சாங்கன்னு நாப்பத்தோரு பேருக்கும் தனித்தனியா எழுதிட்டு வரட்டும். படிச்சுப் பாக்கறேன்."