அடிக்கடி வருகிறவள்

அவரை நான் முதலில் பார்த்தது சிதம்பரத்தில், நான் வேலை பார்க்கும் பிசியோதெரபி கிளினிக்கில். மலேசியாவின் கிள்ளானிலிருந்து தன் அம்மாவைக் கோயிலுக்கு அழைத்து வந்திருந்தார். மழை ஈரம் காயாத கல் தரையில் அந்த அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து, விமானத்தில் உட்காரும் அளவுக்குத் தேறும்வரை தெற்கு வீதியில் ஒரு லாட்ஜில் இருவரும் தங்கியிருந்தார்கள். தினமும் மாலை நான் போய் அம்மாவை வராந்தாவில் நடக்க வைப்பேன். அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வருவார். அம்மாவுக்கு எந்த இடத்தில் கால் தளர்ந்தாலும் நாற்காலி தயாராக இருக்கும். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

எனக்கு அப்போது நாற்பது வயது. விவாகரத்து ஆகிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. மகள் பதினொன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வாடகை வீடு, அடுத்த தெருவில் அண்ணன் குடும்பம், காலையில் சிதம்பரத்துக்கு ஒரு பஸ், இருட்டிய பிறகு திரும்பி வர ஒரு பஸ். அவருக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது அதிகம். லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, செய்துகொள்ள நேரம் இல்லை என்று சொல்வார். அவர்கள் ஊர் திரும்பிய பிறகு வீடியோ காலில் அம்மாவுக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்தேன். பயிற்சி முடிந்ததும் அம்மா சீரியல் பார்க்கப் போய்விடுவார். நாங்கள் பேசிக்கொண்டிருப்போம். அம்மாவுக்கு நடை நன்றாக வந்து, பயிற்சியே தேவையில்லை என்று ஆன பிறகும் அந்த வீடியோ கால் நிற்கவில்லை.

அம்மாவைத் தனியாக விட ஆளில்லாததால் அவரால் இங்கே வர முடியாது. அந்தச் சமயத்தில்தான் இந்தியர்கள் விசா எடுக்காமலேயே ஒரு மாதம்வரை தங்கிப்போகலாம் என்று மலேசியா அறிவித்தது. "அப்ப நான் வர்றேன்" என்றேன். மகளிடம் எதையும் மறைக்கவில்லை. "போய்ட்டு வாம்மா, நான் மாமா வீட்ல இருந்துக்கறேன். சாக்லேட் மட்டும் மறந்துடாத" என்றாள்.

அண்ணன்தான் இழுத்தான். "போறதுல ஒண்ணுமில்ல. அவுரு யாருன்னு நாலு பேரு கேட்டா நான் என்னான்னு சொல்றது?"

"பேஷண்ட் வூட்டுக்குப் போயிருக்கான்னு சொல்லு."

"எந்தப் பேஷண்டு, அந்தம்மாவா, அவுரா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

முதல் இரண்டு பயணங்களில் ஒரு சிக்கலும் இல்லை. திருச்சியில் ஏறி கோலாலம்பூரில் இறங்கினேன். கவுண்டரில் முகத்தைப் பார்த்தார்கள், முத்திரை குத்தினார்கள், அவ்வளவுதான். மூன்றாவது தடவை திரும்பி வரும்போது திருச்சி சுங்கத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். மைலோ டின்னும் கோடாலித் தைலமும் அவர் அம்மா கட்டிக் கொடுத்த நெத்திலியும்தான் இருந்தன. "இவ்வளவு அடிக்கடி எதுக்குப் போறீங்க?" என்று கேட்டார் அதிகாரி. எங்கள் பக்கத்தில் சாமான் தூக்கிக்கொண்டு போய்வருகிறவர்களைக் குருவி என்போம். என்னையும் அப்படித்தான் நினைக்கிறார் என்று புரிய எனக்குச் சற்று நேரமானது. புரிந்ததும் அவர் கேட்காமலேயே டின்னையெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் காட்டினேன். குற்றம் எதுவும் செய்யாதவள் ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்று வீடு வந்து சேரும்வரை யோசித்தேன்.

அதன் பிறகு பயம் என்னோடு தங்கிவிட்டது. அடுத்த பயணத்துக்கு நாள் நெருங்க நெருங்க, சிதம்பரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மனதுக்குள் கேள்வி பதில் நடத்துவேன். ஆலப்பாக்கம் தாண்டும்போது அதிகாரி கேட்பார், புதுச்சத்திரம் வரும்போது நான் உளறிக்கொண்டிருப்பேன். இறங்கியவுடன் அடுத்த விமானத்திலேயே திருப்பி அனுப்பப்பட்டவர்களின் வீடியோக்களை யூடியூபில் தேடித் தேடிப் பார்த்தேன். ஒருமுறை திருப்பி அனுப்பினால் அது பதிவாகிவிடும், பிறகு ஒவ்வொரு தடவையும் சந்தேகம்தான் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அப்படி ஆகிவிட்டால் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் போனில் மட்டும்தான் பார்த்துக்கொள்ள முடியும்.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் எனக்கு டிக்கெட் போட்டுத் தருகிறவர் லால்பேட்டைக்காரர். பாதிக் குடும்பம் வெளிநாட்டில் இருப்பவர். அவரிடம் பயத்தைச் சொன்னேன்.

"மேடம், அடிக்கடி போனா கேள்வி ஜாஸ்தியா வரும். தெரிஞ்சவரப் பாக்கப் போறேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. தனியா வர்ற லேடீஸ்னா அவுங்க வேற மாதிரி நெனச்சிப்பாங்க. டூர்னு சொல்லிடுங்க. ஓட்டல் புக்கிங் ஒண்ணு போட்டுத் தர்றேன். இன்ஷா அல்லாஹ், ஒண்ணும் ஆவாது."

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நானும் அதற்கு ஏற்றபடி தயாரானேன். சில்வர் பீச் கடையில் அகல விளிம்பு வைத்த தொப்பி ஒன்று வாங்கினேன். டூர் போகிறவள் மாதிரி இருக்கட்டும் என்று.

மகளுக்குப் பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வு முடிந்த விடுமுறையில் கிளம்பினேன். கோலாலம்பூர் கவுண்டரில் இளைஞர் ஒருவர் என் பாஸ்போர்ட்டைப் புரட்டினார். முதலிலிருந்து கடைசிவரை புரட்டிவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். எதற்காக வந்திருக்கிறீர்கள் என்றார். டூர் என்றேன். பாஸ்போர்ட்டைத் தராமல், பக்கவாட்டில் இருந்த அறையைக் காட்டினார்.

அந்த அறையில் வரிசையாக நாற்காலிகள். பல நாட்டு ஆட்கள், பெரும்பாலும் இளைஞர்கள், யாரும் யாரோடும் பேசவில்லை. தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தமிழாக்கா?" என்றாள். முப்பது வயது இருக்கும். புதுப் புடவை. திட்டக்குடி பக்கமாம். நான் கடலூர் என்றதும் சொந்தக்காரியைப் பார்த்தது போல என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

முதலில் அவளைத்தான் கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் தலையில் துணி கட்டிய, நடுத்தர வயதுப் பெண் அதிகாரி. அவர் ஆங்கிலத்தில் கேட்டது இவளுக்குப் புரியவில்லை. யாராவது தமிழ் பேசுவீர்களா என்று அறையைப் பார்த்துக் கேட்டார். நான் எழுந்து போனேன்.

"எந்த ஓட்டல்ல தங்கப் போறீங்கன்னு கேக்குறாங்க."

"அதெல்லாம் ஏஜெண்டுக்குத்தாங்க்கா தெரியும். கேட்டா டூர்னு சொல்லச் சொன்னாரு."

"எங்கெங்க சுத்திப் பாக்கப் போறீங்கன்னு கேக்குறாங்க."

"ட்வின் டவர்" என்றாள், பாடம் ஒப்பிப்பது போல. அதற்கு மேல் அவளுக்கு எதுவும் தெரியவில்லை. அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"எனக்குப் பொய் சொல்ல வரலக்கா. வூட்டு வேலைக்குத்தான் வந்தேன். அப்டியே சொல்லிடுங்க. திருப்பி அனுப்புனா அனுப்பட்டும்."

"நல்லா யோசிச்சுதான் சொல்றீங்களா? சொன்னா அனுப்பிடுவாங்க."

"சொல்லுங்கக்கா."

சொன்னேன். அதிகாரி கோபப்படவில்லை. சுற்றுலாவாக உள்ளே வந்து வேலை பார்க்க முடியாது, அப்படி உள்ளே போகும் பெண்களுக்கு நடப்பது என்னவென்று தனக்குத் தெரியும், முறையான அனுமதியோடு வரச் சொல்லுங்கள் என்றார். இன்றே திரும்ப வேண்டும் என்றும் சொன்னார். அதை நான் தமிழில் சொன்னபோது அவள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். பிறகு கணவரின் நம்பரைச் சொல்லி, "நான் வர்றேன்னு அவுங்களுக்கு ஒரு போன் பண்ணிடுங்கக்கா" என்றாள்.

அப்படியே நிற்கச் சொல்லி என் பாஸ்போர்ட்டை எடுத்தார் அதிகாரி. "நீங்களும் டூர்தானா?" என்றார்.

அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து கேட்ட பிறகு என்னால் அதைத் திருப்பிச் சொல்ல முடியவில்லை. ஓட்டல் புக்கிங் சும்மா போட்டது, கிள்ளானில் ஒருவரையும் அவர் அம்மாவையும் பார்க்க வருகிறேன், ஒவ்வொரு தடவையும் அங்கேதான் தங்குகிறேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். கிளினிக்கில் வாங்கிய லீவு கடிதத்தையும் திரும்பிப் போகும் டிக்கெட்டையும் காட்டினேன்.

"அவர் உங்கள் கணவரா?"

"இல்லை."

"கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவரா?"

அதைப்பற்றி நாங்கள் இருவரும் ஒருநாளும் வாய்விட்டுப் பேசியதில்லை. "ஆமாம்" என்றேன்.

"எப்போது?"

"என் மகளுக்குப் பள்ளிக்கூடப் பரீட்சை இருக்கிறது. அது முடிந்த பிறகு."

அதிகாரி அவருடைய நம்பரைக் கேட்டு வாங்கி, மேசைமேல் இருந்த போனிலிருந்து பேசினார். எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார், ஆனால் நான் வாயைத் திறக்கக் கூடாது என்று கையைக் காட்டினார். என்னை அழைத்துப் போக வெளியே காத்துக்கொண்டிருந்த அவருடைய குரல் கேட்டது. இருவரும் மலாயில் பேசினார்கள். நடுவில் அதிகாரி எனக்காக ஆங்கிலத்துக்கு மாறினார். "கல்யாணம் எப்போது?"

நான் அந்த ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மகள் பரீட்சை முதலில் முடியட்டும் லா. அதற்கப்புறம்தான்" என்றார் அவர், அந்த ஊர் வழக்கமான 'லா'வோடு.

அதிகாரி போனை வைத்தார். அடுத்த தடவை முதலிலேயே உண்மையைச் சொல்லுங்கள், இப்படியே விருந்தாளியாக வந்துகொண்டே இருக்க முடியாது, கல்யாணம் செய்துகொண்டு முறைப்படி விண்ணப்பியுங்கள் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு முத்திரை குத்தினார். திட்டக்குடிப் பெண்ணை அதற்குள் வேறு அறைக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். போய்வருகிறேன் என்று சொல்லக்கூட முடியவில்லை.

வெளியே வந்ததும் முதல் வேலையாக அவள் கணவருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "சாப்புட்டாளாங்க?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அதைக் கேட்க எனக்கும் தோன்றவில்லையே என்று இருந்தது.

காரில் கிள்ளானுக்குப் போகும்போது அவர் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார், "அந்த ஆபீசரம்மா தேதியக் கேட்டதும் பயந்துட்டேன் லா. நீங்க உள்ள என்னா சொன்னீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நானும் அதேதான் சொன்னேன்."

"பரீட்சை முடிஞ்சப்புறம்னா?"

"ஆமா."

"அப்ப சரி" என்றார். நாங்கள் கல்யாணம் பேசி முடித்தது அவ்வளவுதான்.

மகள் பரீட்சை எழுதி, சிதம்பரத்திலேயே கல்லூரியில் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போனாள். எனக்குக் காகித வேலைதான் பெரும்பாடாக இருந்தது. விவாகரத்துத் தீர்ப்பின் நகல், இப்போது யாருக்கும் மனைவி இல்லை என்ற சான்று, அதற்கு மேல் முத்திரை, அந்த முத்திரைக்கு மேல் இன்னொரு முத்திரை. கிள்ளானில் பதிவுக் கல்யாணம். அண்ணன் முதல்முறையாக விமானம் ஏறினான். கவுண்டரில் காரணம் கேட்டதும் என்னைக் கைகாட்டி, "தங்கச்சி கல்யாணம் சார்" என்று தமிழிலேயே உரக்கச் சொன்னான். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவனுக்கு வெட்கமாக இருந்ததாகத் தெரியவில்லை.

திட்டக்குடிப் பெண் ஒருநாள் போன் செய்தாள். கணவரோடு திருப்பூர் போய் பனியன் கம்பெனியில் சேர்ந்துவிட்டாளாம். ஏஜெண்டு இப்போது போனை எடுப்பதே இல்லையாம். "உங்களுது என்னக்கா ஆச்சு?" என்றாள். சொன்னேன். சந்தோஷப்பட்டாள்.

மனைவியாகத் தங்குவதற்கான அனுமதிக்கு விண்ணப்பித்திருக்கிறோம், இன்னும் வரவில்லை. அதுவரை நான் கிளினிக்கில் லீவு கேட்டு, முன்பு போலவே போய்வருகிறேன். கல்யாணச் சான்று எப்போதும் கைப்பையில் இருக்கிறது. ஆனாலும் வரிசையில் எனக்கு முன்னால் இருப்பவர் நகர்ந்து, என் பாஸ்போர்ட்டை நீட்டும்போது சான்று இருக்கிறதா என்று இன்னொரு தடவை தடவிப் பார்க்கத்தான் செய்கிறேன். போன மாதம் கவுண்டரில் இருந்த அதிகாரி, "யாரைப் பார்க்க?" என்று கேட்டார். "என் வீட்டுக்காரரை" என்றேன். இன்னும் பழகாத வார்த்தை. ஆங்கிலத்தில் கேட்ட கேள்விக்குத் தமிழில் பதில் சொல்லியிருக்கிறேன் என்பது அவர் நிமிர்ந்து பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.