அன்னமேரி மிஸியின் இரண்டு சேவல்கள்

"உங்க கைதான் என் பொண்டாட்டியக் கொன்னுச்சு மிஸி!" என்று ராமதாஸ் கத்தியது தெருமுனைவரை கேட்டது.

கடல் கடந்த ஜார்ஜ் டவுனில் பதினாறு வருடமாகப் பிரசவம் பார்த்துவந்த நர்ஸ் மிஸி அன்னமேரிதான் அவன் மனைவி குணவதிக்கும் பார்த்தாள். குழந்தை நல்லபடியாகத்தான் பிறந்தது. பிறகு குணவதிக்கு ரத்தம் நிற்கவில்லை. கருப்பையைச் சுருக்கி ரத்தத்தைக் கட்டும் எர்காட் மருந்தை அன்னமேரி இரண்டு முறை கொடுத்தாள். பச்சைத் தண்ணீரைக் கொடுத்ததுபோல் இருந்தது. மதியத்துக்குள் குணவதி போய்விட்டாள்.

அன்னமேரி ரத்தக்கறைச் சேலையோடு நேரே வேதநாயகத்தின் மருந்துக்கடைக்குப் போனாள். அவள் கொடுத்தது போன வாரம் அங்கே வாங்கிய பாட்டில்தான். அதே மருந்து இன்னும் நான்கு பாட்டில், தெருவைப் பார்த்த கண்ணாடி அலமாரியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"இது எப்ப கப்பல்ல வந்துச்சு?"

"ஆச்சு நாலு வருஷம். சீல் உடைக்காத பாட்டில் லா மிஸி, எப்படிக் கெடும்? உங்களுக்குக் கைப்பழக்கம் போயிடுச்சுன்னா மருந்து என்னா பண்ணும்?"

அன்னமேரி ஆத்திரத்தோடு கடைப்படி இறங்கினாள்.

மறுநாள் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் கேட்டாள். இந்த ஊர்ச் சூட்டில் அந்த மருந்து ஒரு வருடம்கூடத் தாங்காது என்றார் அவர். நிறத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சேவலுக்கு ஊசி போட்டால் தெரியும், வீரியம் இருந்தால் கொண்டை கறுக்கும். புது மருந்தும் கொஞ்சம் கொடுத்தனுப்பினார்.

அடுத்த நாள் காலை, வேதநாயகத்தின் கடைவாசலில் இரண்டு சேவல்களோடு உட்கார்ந்தாள் அன்னமேரி. ஒன்றுக்குப் புது மருந்து, மற்றதற்குத் தன் பாட்டிலில் மிச்சமிருந்தது. கூட்டம் கூடிவிட்டது. கொஞ்ச நேரத்தில் முதல் சேவலின் கொண்டை நாவல்பழமாகக் கறுத்தது. இரண்டாவது, சிவந்த கொண்டையை ஆட்டிக்கொண்டு அரிசி கொத்தியது.

வேதநாயகம் கதவைச் சாத்தப் போனார். அவள் காலை நுழைத்தாள்.

"இந்தத் தண்ணிய எத்தன பொம்பளைங்களுக்கு வித்தீங்க? சொல்லுங்க!"

அவர் கதவை விட்டு விலகினார். அன்னமேரி உள்ளே போய் அலமாரியிலிருந்த நான்கு பாட்டிலையும் எடுத்து வந்து சாக்கடையில் உடைத்தாள்.

"போலீஸக் கூப்பிடுவேன்!"

"கூப்பிடுங்க. சேவலையும் காட்டுறேன்."

அவர் கூப்பிடவில்லை.

கூட்டத்திலிருந்து ராமதாஸ் முன்னால் வந்தான். "புது மருந்தா இருந்தா அவ பொழச்சிருப்பாளா மிஸி?"

"தெரியல தம்பி. ஒரு வழி இருந்திருக்கும்."

அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான். அன்னமேரிக்கு ஆத்திரம் அடங்கவில்லை. இப்போது அது தன்மேலேயே திரும்பியது. பதினாறு வருடத்தில் ஒரு பாட்டிலின் வயதைக்கூட அவள் கேட்டதில்லை.