சூளைப் பஞ்சு அடைத்த கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றும்போது சித்தப்பா என் உள்ளங்கையில் வைத்த திருகாணிகள் ஆறு. திரும்ப மாட்டும்போது ஐந்துதான் இருந்தன. ஆறாவது எங்கே உருண்டது என்ற கவலை தலை நரைத்த பிறகும் எனக்குப் போகவில்லை.

அது வரும்போதே பழைய கம்ப்யூட்டர். ஏதோ ஓர் அலுவலகத்தில் கழித்துவிட்டதைச் சித்தப்பா வாங்கி வந்து எங்கள் கூடத்தில் வைத்திருந்தார். போட்டோ திறந்தால் பாதிப் படம் வரும், மீதிக்குக் காத்திருக்க வேண்டும். ஒருநாள் அவர் பாண்டிச்சேரிக்குப் போய் மெமரியும் ஒரு கிராபிக்ஸ் கார்டும் வாங்கி வந்து பொருத்தினார். கல்யாண ஆல்பம் செய்ய என்று அப்பாவிடம் சொன்னார். கார் ரேஸ் ஓட்ட என்று என்னிடம் சொன்னார். இரண்டும் உண்மைதான்.

அன்று சாயங்காலம் திரையில் பார்த்ததை நான் மறக்கவில்லை. சாம்பல் பூத்த வானம் நீலமானது. மணப்பெண்ணின் நெற்றி வியர்வை துடைக்காமலே மறைந்தது. கார் ரேஸில் மழை பெய்த சாலையில் என் காரின் நிழல் தண்ணீருக்குள் கூடவே ஓடியது. பந்தயத்தை விட்டுவிட்டு அந்த நிழலையே பார்த்துக்கொண்டிருந்ததில் நான் கடைசியாக வந்தேன்.

அப்பா பீங்கான் பொம்மைப் பட்டறையில் சூளை பார்ப்பவர். தன் தம்பியான சித்தப்பாவையும் அங்கே சேர்த்துவிட வேண்டும் என்பது அவர் எண்ணம்.

“மூஞ்சிய வெள்ளையாக்குறதெல்லாம் ஒரு வேலையாடா? எங்க பட்டறைக்கு வா, டஜன் கணக்குல வெள்ளையாக்கலாம்” என்பார்.

“உங்க பொம்மைங்க கல்யாணம் பண்ணிக்கிட்டு ஆல்பம் கேக்குமாண்ணே?” என்பார் சித்தப்பா.

கடைசியில் ஒரு பேச்சு முடிவானது. கருவேப்பிலங்குறிச்சி கல்யாண ஆல்பத்தை மாப்பிள்ளை ஊருக்குக் கிளம்புவதற்குள் கொடுத்துவிட்டால் சித்தப்பாவுக்குப் போட்டோ வேலை. இல்லையென்றால் சூளை.

மறுநாளிலிருந்து கம்ப்யூட்டர் தானாக அணைய ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் ஓடும், பொட்டென்று திரை கறுக்கும். செய்த வேலையெல்லாம் போகும். சித்தப்பா சாப்பிடுவதைக் குறைத்தார். கார்டு கோளாறோ என்று வாங்கிய கடைக்குப் போன் போட்டுக் கேட்டார். நானும் சாமி படத்துக்கு முன்னால் நின்று கார் ரேஸுக்காக வேண்டிக்கொண்டேன்.

ஆல்பத்துக்கு ஒரே நாள் மிச்சமிருந்தபோது அவர் பெட்டியைச் சுவரோரத்திலிருந்து இழுத்துத் திருப்பினார். பின்பக்கம் ஓர் ஓட்டைகூடத் தெரியவில்லை. எல்லாவற்றிலும் வெள்ளைப் பஞ்சு, பிதுங்காமல், அத்தனை நேர்த்தியாக அடைக்கப்பட்டிருந்தது. சூளைக் கதவின் இடுக்கில் அடைக்கிற, தீப்பிடிக்காத பஞ்சு அது. யார் கைவேலை என்று கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

மத்தியானம் அப்பா வந்ததும் அம்மா பிடித்துக்கொண்டாள். “அவன் உங்க வழிக்கு வரணும்னா வாயால சொல்லணும். இப்படியா பண்ணுவாங்க?”

அப்பா சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு நிதானமாகச் சொன்னார். “தொட்டுப் பாத்தேன், கொதிச்சிக்கிட்டு இருக்குது. பின்னால காத்து வேற. சூட்டுல காத்து பட்டா விரிசல் வுட்டுடாதா?”

எங்கள் தெருவில் இது குழந்தைக்கும் தெரியும். வெந்த சூளையை அவசரப்பட்டுத் திறந்தால் உள்ளே இருக்கிற அத்தனை பொம்மையும் போச்சு. சூடு தானாக, மெல்ல இறங்க வேண்டும். அம்மா சாப்பாடு எடுத்து வைக்கப் போனாள்.

சித்தப்பா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பஞ்சை ஒவ்வொன்றாக உருவி ஒரு தட்டில் வைத்தார். “இது வேற மாதிரிண்ணே. சூடு வெளிய போயிட்டே இருக்கணும். இப்புடி உக்காந்து பாருங்க.”

அவர் பக்கத் தகட்டைக் கழற்றித் திருகாணிகளை என் கையில் வைத்தது அப்போதுதான். உள்ளே சின்ன விசிறி சுழன்றது. அப்பா அதன் எதிரே உள்ளங்கையை நீட்டியபடி உட்கார்ந்தார். சித்தப்பா ஆல்பத்தை முதலிலிருந்து செய்தார். இருண்டு கிடந்த மண்டபத்தில் ஒரு விளக்கு, இன்னொரு விளக்கு என்று வெளிச்சம் ஏறியது. அப்பா திரையைப் பார்த்தார், விசிறியைப் பார்த்தார். சித்தப்பா எழப்போனால், “இரு, சூடு சரியாத்தான் போவுது. நீ வேலையப் பாரு” என்றார். பட்டறைக்குத் திரும்பிப் போகவில்லை. கம்ப்யூட்டர் ஒருமுறைகூட அணையவில்லை.

ஆல்பம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அப்பா பந்தயத்தில் தோற்றுவிட்டார் என்று தெருப் பையன்களிடமெல்லாம் சொன்னேன். அம்மா சந்தேகப்பட்டதுதான் சரி, மாட்டிக்கொண்டதும் அப்பா சமாளித்துவிட்டார் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன்.

பட்டறையிலிருந்து ஒரு மூளிப் பொம்மையைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராதவர் அவர். அந்தப் பஞ்சை முதலாளியிடம் வாய்விட்டுக் கேட்டு வாங்கி வந்திருக்கிறார் என்று பின்னால்தான் தெரிந்தது. உள்ளே இருப்பது உடைந்துவிடக் கூடாது என்றால்தான் சூளைக் கதவை வேறு யாரிடமும் விடாமல் தன் கையாலேயே அடைப்பார்; தம்பியின் பெட்டியையும் அப்படித்தான் அடைத்திருந்தார். அந்த வயதில் எனக்குத் திருகாணியை எண்ணத்தான் தெரிந்திருந்தது.