மல்லிச்செடியில் கொழுந்து கிள்ளியவள்

மாட்டுப்பட்டிக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஆயுசில் பாதியைக் கழித்தவள் அழகுத்தாய். ஓய்வு பெற்றால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்தாக வேண்டும். எர்ணாகுளத்தில் வேலை பார்க்கும் மகள் ராமலட்சுமி, வடகரப்பதியில் சின்ன வீடொன்றில் அவளைக் குடிவைத்துவிட்டுப் போனாள். அவ்வப்போது போனில் முகம் காட்டுவாள். முகத்தோடு எத்தனை நேரம் பேச முடியும்?

தெருவில் யாரும் கெட்டவர்கள் இல்லை. சிரிப்பார்கள், போவார்கள், அவ்வளவுதான். தானாகப் போய் ஒட்டிக்கொள்ள அழகுத்தாய்க்கும் வராது. வீம்பில் அவளை மிஞ்ச ஆளில்லை.

பங்குனியில் அங்கே மாரியம்மன் நோம்பி, ஊர்த் திருவிழா. அவரவர் வாசலில் பூத்த மல்லிகையைத் தட்டில் ஏந்திப் பெண்கள் கோயிலுக்குப் போவார்கள். கடைப்பூ ஆகாது. வந்த வருஷம் அதை ஜன்னல் வழியாகப் பார்த்தவள், அடுத்த நோம்பிக்குத் தானும் அந்த வரிசையில் நடந்தே தீருவது என்று முடிவு கட்டினாள். அடுத்த வீட்டுக் குப்பண்ணன் குண்டுமல்லிச் செடிகள் கொடுத்தார். தை மாதம் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்தாள். கவாத்து அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மாசியில் செடிகள் தளதளவென்று தளிர்த்தன.

பங்குனி பிறந்ததும் தெருவே மணத்தது. அவள் செடிகளில் மட்டும் ஒரு மொட்டுகூட இல்லை. வெட்டிவிட்டதுபோல மட்டமாக, பச்சையாக நின்றன.

குப்பண்ணன் குனிந்து பார்த்தார். “ஏனுங்க அம்மிணி, கொழுந்தைப் பூராக் கிள்ளிப்போட்டீங்களாட்டம் இருக்குதுங்க? மொக்கு அதுலதானுங்க வரும்.”

“நான் எதுக்கு அண்ணாச்சி கிள்ளுதேன்?” என்று எரிந்து விழுந்தாள். சொல்லும்போதே தன் விரல்களைப் பார்த்தாள். நகக்கண்ணெல்லாம் பச்சைக்கறை. அந்தியில் செடிப்பக்கம் உட்கார்ந்து, எஸ்டேட்டில் கூட நின்று கொழுந்தெடுத்தவர்களோடு மனசுக்குள் பேசிக்கொண்டிருப்பாள். பேச்சு ஓடினால் கை தானாகக் கொழுந்து கிள்ளும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது சும்மாவா?

“உடுங்க, சித்திரையில பூக்குமுங்க” என்று குப்பண்ணன் போய்விட்டார். சித்திரையில் பூத்து யாருக்கு?

நோம்பியன்று அழகுத்தாய் விடியுமுன் குளித்து, நல்ல சேலை உடுத்தி, தட்டைத் துலக்கி வைத்தாள். ஏன் வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. பம்பை மேளச் சத்தம் நெருங்கியது. வெளியே குப்பண்ணன் மனைவியின் குரல் கேட்டது.

“இந்த அக்கா ஊட்டுல பூ இல்லீங்க. கூப்பிட்டா சங்கடப்படுவாங்க. சத்தமில்லாம வாங்க.”

அந்த வாசலைத் தாண்டும்வரை பம்பைக்காரரும் அடிப்பதை நிறுத்திக்கொண்டார். எல்லாரும் நல்ல மனசுக்காரர்கள்.

கதவுக்குப் பின்னால் அழகுத்தாய் நின்றிருந்தாள். ஒருத்தி கூப்பிட்டிருந்தால் போதும், வெறுந்தட்டோடு போயிருப்பாள்.