வசந்தியின் மெசின்

மகன் கீபோர்டின் விசையொன்றைக் கழற்றி, உள்ளேயிருந்த ஸ்பிரிங்கை மாற்றினான்.

"இப்ப அமத்திப் பாருங்கோ அம்மா. மெல்லிய ஸ்பிரிங், பூ மாதிரி இறங்கும்."

விரல் இறங்கியதும் வசந்தி நினைவுக்கு வந்தாள். யாழ்ப்பாணத்துத் தட்டச்சு வகுப்பில் ஒவ்வொரு சோதனையிலும் அவள்தான் முதல். அவளுடைய மெசினில் ஸ்பிரிங் தளர்ந்திருந்தது; என்னுடையதை அமத்தினால் சுண்டுவிரல் நோகும். மெசின்தான் கெட்டிக்காரி, அவளில்லை என்று எனக்குள் ஒரே புகைச்சல்.

கடைசிச் சோதனைக்கு அவளுக்கு முந்தி வேளைக்கே போய் அவளுடைய மெசினுக்கு முன்னால் இருந்துவிட்டேன். பலமாகக் குத்திப் பழகிய விரல் சும்மா பட்டாலே எழுத்து விழுந்தது. தாள் முழுக்கப் பிழை. என்னுடைய மெசினில் அடித்த வசந்திதான் அன்றைக்கும் முதல்.

"உம்மடை மெசின் நல்ல இறுக்கம், ஒரு பிழையும் வரேல்லை. இந்த மெசினுக்காக எத்தினை நாள் உம்மைப் பாத்து எரிஞ்சிருப்பன் தெரியுமே?" என்றாள்.

அதைக்கூட அவளால் சிரித்துக்கொண்டே சொல்ல முடிந்தது. இன்றைக்கும் எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.